மிச்சம் வைத்த வார்த்தை

பீளமேடு, கோயம்புத்தூர்
15.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யோகலட்சுமி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, விடுதிச் சாப்பாடும் பழகிவிட்டது. நீங்களும் அம்மாவும் ஆடு இரண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம், அதுவும் கம்பெனி விலாசத்துக்கு, போர்மேன் சீனிவாசகம் மாமா கையில் கிடைக்கும்படி என்று யோசிப்பீர்கள். நம் வீட்டில் இருப்பது ஒரு போன். அதை அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நான் இங்கிருந்து ஒன்று கேட்டால் அடுத்த வீட்டு ராமுத்தாய் அத்தை பதில் சொல்கிறார். கம்பெனிக்குள் உங்களுக்குப் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. இது அம்மாவின் காதுக்குப் போகக் கூடாத விஷயம்.

போன மாதம் வந்தபோது அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன் அல்லவா? 164க்கு 100 இருந்தது. நர்ஸ் பாண்டிமீனா அக்கா வந்து மாத்திரை கொடுத்தார். “இம்புட்டுக்கும் காரணம் இவுகதான்” என்று அம்மா உங்களைக் கைகாட்டினாள். நீங்கள் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டீர்கள். அந்த மெஷினை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்தது மறதியால் அல்ல.

இங்கே என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீடு வீடாகப் போகிறேன். கணவன், மனைவி இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முப்பத்திரண்டு கேள்வி கேட்க வேண்டும். பதினேழாவது கேள்வியை மட்டும் படிவத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பேன். “கடந்த ஏழு நாளில் உங்கள் துணையிடம் அன்பாக ஒரு வார்த்தை சொன்னீர்களா? என்ன சொன்னீர்கள்?” காலேஜில் பேர் கூப்பிட்டால்கூடச் சத்தமாகப் பதில் சொல்லாத நான், முன்பின் தெரியாதவர்களிடம் இதைக் கேட்கிறேன். நேற்று ஒரு அம்மா, “நல்ல வார்த்தையா கண்ணு? கல்யாணத்தன்னிக்கு ஒண்ணு சொன்னாருங்க. அதுவும் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னதுங்க” என்றார்.

அன்பைச் சொல்லிக்காட்டுகிற வீட்டில் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. இருக்கும் என்று முன்கூட்டியே நம்பிவிடக் கூடாது என்பார் ஆய்வை நடத்தும் கீர்த்திகா மேடம். நான் நம்பவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நீங்கள் இருவரும் அன்பாகப் பேசி நான் கேட்டதே இல்லை. காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன் வரும். அம்மா உங்களைத் திட்டத் தொடங்குவாள். வேன் தெருமுக்குத் திரும்பும்வரை திட்டுவாள். இருபத்து மூன்று வருடம் அந்தச் சத்தத்தில்தான் கண்விழித்தேன்.

எனக்காக ஒன்று செய்யுங்கள் அப்பா. தினமும் வேன் ஏறுமுன் அம்மாவிடம் ஒரே ஒரு நல்ல வார்த்தை. சாயங்காலம் வந்ததும் அவள் கையில் பட்டையைக் கட்டி, மெஷின் காட்டும் எண்ணைக் குறித்துவையுங்கள். காரணம் தெரிந்தால் எண் மாறிவிடும். அதனால்தான் ரகசியம்.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் போகாதீர்கள். பதிலை எதிர்பார்த்திருக்கும்,
யோகலட்சுமி


எம். புதுப்பட்டி
29.6.2025

அன்பு மகள் யோகலட்சுமிக்கு,

அப்பா சோலைமலை எழுதிக்கொண்டது. கண்மாயில் தண்ணீர் இல்லை. மற்றபடி இங்கே எல்லாரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கவும்.

நான் எட்டாம் வகுப்போடு எழுத்தை விட்டவன். பேனா கேட்டதற்குச் சீனிவாசகம், “என்ன சோலை, மகளுக்கா? பத்து நாளா அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில வச்சு வேர்வையில ஊறப் போட்டிருக்கே” என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு வந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடி செய்தேன். திங்கட்கிழமை, “செல்லக்கனி, நீ வச்ச ரசம் நல்லா இருந்துச்சு” என்றேன். உன் அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் அடிக்குதா? ரசம் வச்சு நாலு நாளாச்சே” என்றாள்.

செவ்வாய்க்கிழமை, “இந்தச் சேலை உனக்கு எடுப்பா இருக்கு” என்றேன். “எடுத்தது உங்க தங்கச்சி. அவளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க” என்றாள்.

புதன்கிழமை, “நீ இல்லைன்னா நான் என்ன ஆவேன்” என்றேன். தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். அன்று திட்டவில்லை. வேன் முக்குத் திரும்பும்போது பார்த்தேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

எண்கள்: திங்கள் 162/98. செவ்வாய் 160/98. புதன் 170/102. வியாழன் 178/108. வெள்ளி 176/106. சனி 178/106.

வியாழனிலிருந்து பட்டை கட்டுவதில் சிரமம் இல்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
சோலைமலை


பீளமேடு
6.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா?

ரசம் சமாசாரத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். ஆனால் எண்கள் விசித்திரமாக இருக்கின்றன. நல்ல வார்த்தை சொன்னால் குறையும் என்று எதிர்பார்க்கலாம், குறையாமலும் போகலாம். புதன்கிழமை எட்டு, பத்து ஏறுகிறது. வியாழக்கிழமை இன்னும் ஏறி அங்கேயே நிற்கிறது. ஆள் மாறியதுபோல இருக்கிறது. வியாழக்கிழமை என்ன நடந்தது?

இந்த வாரம் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். பதினேழாவது கேள்விக்கு, “அந்தப் பழக்கமெல்லாம் நம்மகிட்ட இல்லீங்க” என்றார். சொல்லிக்கொண்டே, தன் பக்கம் இருந்த மின்விசிறியை மனைவி பக்கம் திருப்பிவைத்தார். ‘இல்லை’ என்ற கட்டத்தில்தான் குறியிட்டேன். எங்கள் படிவத்தில் மின்விசிறிக்குக் கட்டம் இல்லை. அதை மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தனியாக எழுதி வை என்றார்.

அதனால் கேட்கிறேன். நல்ல வார்த்தை சொன்ன பிறகு அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாளா? வேறு ஏதாவது செய்கிறாளா? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.

இரண்டு வாரம் தொடர்ந்து செய்துபாருங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் நான் அவளை நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.
யோகலட்சுமி


எம். புதுப்பட்டி
20.7.2025

அன்பு மகள் யோகலட்சுமிக்கு,

சளிக்கு மிளகு போட்டுப் பால் குடி. இங்கே நாங்கள் நலம். சின்ன ஆடு சினையாக இருக்கிறது.

போன இரண்டு வாரத்து எண்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். 176இல் இருந்து மெள்ள இறங்கி நேற்று 166/100. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 160க்குப் பக்கத்தில் வருகிறது.

உன் அம்மா திட்டுவதை நிறுத்தவில்லை. நேற்று சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டுவிட்டேன். “கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா மருந்து சலிக்கப் போறீக? போனமா வந்தமான்னு இருங்க. எவன்கிட்டயும் வாயைக் குடுத்துட்டு நிக்காதீக” என்றாள். திட்டிக்கொண்டே பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

உன் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிய அன்று உன்னிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நீ விருதுநகரில் காலேஜ் சேர்ந்தபோது தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘பட்டாசுத் தொழிற்சாலையில் வெடிமருந்து கலப்பவர்’ என்று முழுதாக எழுதினாய். கோடு பத்தாமல் அடுத்த வரிக்கும் போனது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ‘கூலி’ என்று எழுதியதைப் பார்த்தேன். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். இதைச் சீனிவாசகத்திடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

ஆடு தோட்டத்துக்குள் போகிறது. நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் தாயி.
சோலைமலை


பீளமேடு
3.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். சீசன் தொடங்கிவிட்டதால் உங்களுக்கு வேலை கூடியிருக்கும். வேர்வை அடங்காமல் தண்ணீர் குடிக்காதீர்கள்.

காலேஜ் படிவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுத இரண்டு தாள் வீணாக்கினேன். அதனால் எண்களைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அதுதான் சுலபம்.

எல்லாவற்றையும் கட்டத்தாளில் கோடாகப் போட்டிருக்கிறேன். அந்த வியாழக்கிழமை 178இல் தொடங்கி 166 வரை இறங்கியிருக்கிறது. மேடத்திடம் காட்டினேன். “ஒரு ஆளோட கோட்டை வச்சு எதுவும் சொல்ல முடியாது யோகா. ஆனா அழகான கோடு” என்றார். எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் பள்ளம் விழுகிறது? லீவு உங்களுக்குத்தான். அம்மாவுக்கு அடுப்புக்கும் லீவில்லை, ஆட்டுக்கும் லீவில்லை. அன்று நீங்கள் கண்மாய்க்கரைக்குப் போய்விடுகிறீர்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அவளுக்குக் குறைகிறதா? இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அம்மா சொன்னதுபோல ‘இம்புட்டுக்கும் காரணம் இவுகதான்’ என்று ஆய்வு முடிந்துவிடுமோ?

இப்படியே இறங்கினால் அம்மாவின் மாத்திரையைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று பாண்டிமீனா அக்காவிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். இம்மாதக் கடைசியில் போன் செய்கிறேன்.

நீங்கள் சொன்ன நல்ல வார்த்தைகளையும் எழுதுங்கள். கடைசிக் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை.
யோகலட்சுமி


எம். புதுப்பட்டி
24.8.2025

மகள் யோகலட்சுமிக்கு,

நலம். உன் நலமும் வேண்டும்.

பாண்டிமீனாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். மாத்திரையைக் குறைக்கவே கூடாது. இந்த வாரம் எண் ஏறிவிட்டது. செவ்வாய் 180/110. புதன் 182/110. வியாழன் 182/112. வெள்ளி 180/110. செவ்வாய்க்கிழமை காலையில் உன் அம்மாவுக்கு லேசாகத் தலை சுற்றல். உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. பயப்படும்படி இல்லை.

வடக்கே போகும் லோடு நிறைய. ஆர்டர் நெருக்குகிறது. அதனால் பதில் தாமதம்.
சோலைமலை


பீளமேடு
28.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. என் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் உடம்பைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

தலை சுற்றல் என்று படித்ததும் ரகசியத்தை மறந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். “எனக்கா? எவன் சொன்னது? எனக்குத் தலையும் சுத்தல, காலும் சுத்தல. மல்லாங்கிணத்துல உன் சித்தி அய்யம்மா பேரனுக்குக் காதுகுத்து. அஞ்சு நாளு இருந்து ஆட்டுக்கல்லுல நூறு பேருக்குச் சட்னி அரைச்சிட்டு வந்துருக்கேன்” என்றாள். எப்போது போனாள் என்று கேட்டேன். திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் திரும்பினாளாம். மெஷினைக் கொண்டுபோனாயா என்று கேட்டேன். “அந்தக் கழுதை எங்கன கெடக்கோ. நான் அதைத் தொட்டு ரெண்டு மாசமாச்சு” என்றாள்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நான்கு நாளும் அம்மா ஊரில் இல்லை. உங்கள் தாளில் நான்கு எண் இருக்கிறது.

கட்டத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ஆள் மாறியதுபோல என்று நானே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு லீவு என்றும் நானே கேட்டிருக்கிறேன். கேட்கத் தெரிந்த எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

அது யார் கை, அப்பா?
யோகலட்சுமி


பீளமேடு
9.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. போன் செய்தால் அம்மாதான் எடுக்கிறாள். “உங்கப்பா நல்லாத்தான் இருக்காக” என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிடுகிறாள். அவள் சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். யார் என்று சொல்ல வேண்டாம். தலை சுற்றியபோது எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டிலா, வெடிமருந்து கலக்கும் அறையிலா?
யோகலட்சுமி


எம். புதுப்பட்டி, கண்மாய்க்கரை
14.9.2025

அன்பு மகள் யோகலட்சுமிக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதத் தொடங்கினேன். நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அந்த அறையில்தான். காலை ஏழு மணி. சல்லடை கையில் இருந்தது. தரை சாய்ந்ததுபோல இருந்தது. சல்லடையைத் தட்டாமல், சிந்தாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போய் மணல் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் உள்ளே போனேன். அதுதான் நான் செய்த தப்பு. அங்கே கை தவறினால் என்னோடு முடியாது. அடுத்த அறையில் நாலு பேர் இருக்கிறார்கள்.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் பட்டையை எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மா, “காலையில கொஞ்சுறீக, சாயங்காலம் கையைக் கட்டுறீக. ரெண்டுக்கும் ஒரே ஆளுதான் சொல்லிக் குடுத்திருக்கு. இன்னொரு தடவை இதைத் தூக்கிட்டு வந்தீக, ஆட்டுக்குக் கட்டி விட்டுருவேன்” என்றாள். அதோடு முடிந்தது. படித்த பிள்ளை முதல் தடவையாக என்னிடம் ஒரு வேலை கேட்டிருக்கிறாள், வெறும் தாளை எப்படி அனுப்புவது என்று என் கையில் கட்டினேன். 178. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே வைத்துச் சீனிவாசகத்துக்குக் கட்டிப்பார்த்தேன். அவருக்கு 124.

வெளியே தெரிந்தால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இருபத்தேழு வருடமாகக் கலவைக்காரன் என்றுதான் எனக்குப் பெயர். நீ அந்தப் படிவத்தில் எழுதியதும் அதுதான். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நல்ல வார்த்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். உன் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. உனக்குக் கடிதத்தில் எழுதினேன். ஒரு கடிதத்தை இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை மெஷினை மஞ்சள் பையில் போட்டு இங்கே கொண்டுவந்துவிடுவேன். எழுதுமுன் கட்டினால் 170 இருக்கும். எழுதி முடித்துக் கட்டினால் 160. எழுதாத ஞாயிற்றுக்கிழமை நிழலில் சும்மா உட்கார்ந்தும் பார்த்தேன். அவ்வளவு இறங்கவில்லை. சொன்னால் கேட்கிறவருக்கு நல்லது என்றுதானே உன் ஆய்வு? சொல்கிறவனுக்கு என்ன ஆகிறது என்று உன் மேடத்திடம் கேள். இன்று எழுதுமுன் 184. முடித்துவிட்டு

கரைமேல் யாரோ வருகிறார்கள். உன் அம்மா மாதிரி


எம். புதுப்பட்டி
21.9.2025

அடியே யோகா,

நான் நல்லாருக்கேன். நீ நல்லாருக்கியான்னு ஞாயித்துக்கெழமை தோறும் போன்ல கேக்கேன், இன்னைக்கும் கேட்டாச்சு. அதனால நேரா விசயத்துக்கு வாரேன். அஞ்சாப்புப் படிச்சவளுக்கு உங்கள மாதிரி எழுத வராது. பேசுற மாதிரிதான் வரும்.

உங்கப்பா பாதியில விட்ட கடுதாசியையும் இதோட வச்சிருக்கேன். எனக்குத் தல சுத்துச்சான்னு நீ கேட்டே பாரு, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்குச் சுத்துனா எனக்குத் தெரியாதா? வீட்டுல இருக்கது ரெண்டு தல. ரெண்டு வாரமா ஒண்ணும் பேசாம அவுகளையே பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் கண்மாய்க்கரையில போயி நின்னா, கையில பட்டையக் கட்டிக்கிட்டு ஒரு ஆம்பள ஆடுகளுக்கு நடுவுல உக்காந்து எழுதிட்டு இருக்காக. மெசினுப் பெட்டிக்குள்ள உன் கடுதாசி அம்புட்டும் இருந்துச்சு. விரல வச்சு விரல வச்சு எல்லாத்தையும் படிச்சேன். பொழுது இறங்கிப்போச்சு. அவுக எழுந்திரிக்கவே இல்ல.

மறுநாளு விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரு பிள்ள, “எத்தன நாளா இப்படி இருக்கு?”ன்னு கேட்டுச்சு. உங்கப்பா மடியில இருந்து தாள எடுத்து நீட்டுனாக. ஜூன் மாசத்துல இருந்து நாள் தவறாம இருக்கு. “இம்புட்டு ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச மனுசன் ஏன் ஒரு நாளு வரல?”ன்னு அந்தப் பிள்ள கேட்டதுக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. மாத்திரை குடுத்திருக்கு. நல்லவேள, சீக்கிரமா வந்தீகன்னு சொல்லுச்சு.

அங்கருந்து நேரா கம்பெனிக்குப் போனேன். சீனிவாசகம் அண்ணன்கிட்ட, இவுகள இனிமே அந்த ரூமுக்குள்ள விட்டீகன்னா நான் கேட்டுலயே பாயப் போட்டுருவேன்னு சொன்னேன். பேக்கிங்குக்கு மாத்தி விட்டாக. உங்கப்பா ரெண்டு நாளு என்கூடப் பேசல. பேசாட்டிப் போகட்டும். உசிரோட இருந்து பேசாம இருந்தா எனக்குப் போதும்.

இப்ப உன் விசயம். உங்கம்மைக்குப் பாசமாப் பேச வராதுன்னு நெனச்சுத்தான நீ அந்த வேலையச் சொல்லிக் குடுத்த? நீ படிச்ச பிள்ள, ஆனா இந்தத் தெருவுல பெறந்த பிள்ள. வேன் ஏறுற நேரத்துல எந்த வீட்டுலயாவது எவளாவது கொஞ்சி அனுப்பி நீ பாத்திருக்கியா? அனுப்ப மாட்டா. மருந்துக்குள்ள போற ஆளுக்கு நல்ல வார்த்தை ஒண்ண மிச்சம் வச்சுத்தான் அனுப்பணும். அத வாங்கிக்கவாவது ஆளு திரும்பி வரணும். எங்களுக்கு அது கணக்கு. ராமுத்தாய் மதினி எனக்குச் சொன்னா, அவளுக்கு அவ மாமியா சொன்னா. அதனாலதான் வாசல்ல நின்னு ஏசுறது. ஏச்சு எம்புட்டு ஏசுனாலும் தீராது. நல்ல வார்த்தை சொன்னாத் தீந்துபோகும்.

சாயங்காலம் வந்ததும் சொல்லிருவோம்னுதான் தினமும் நெனப்பேன். முக்குல வேன் சத்தம் கேட்டதும் நெஞ்சுப் பாரம் இறங்கும். ஆளப் பாத்ததும், நாளைக்கும் போகணுமேன்னு தோணும். திரும்பவும் மிச்சம் வச்சிருவேன். இப்படியே இருவத்தேழு வருசம். நீ என்னடான்னா காலங்காத்தால எல்லாத்தையும் சொல்லித் தீத்துட்டு வண்டி ஏறுங்கன்னு அவுகளுக்கு எழுதியிருக்க. “நீ இல்லைன்னா நான் என்ன ஆவேன்”னு அவுக சொன்ன அன்னைக்கு வேன் திரும்பி வர்ற வரைக்கும் நான் கஞ்சி குடிக்கல. சாயங்காலம் மெசினு 170 காட்டுச்சுன்னா அது மெசினோட தப்பில்ல.

உன்ன ஏசல. நீ அப்படி எழுதாட்டி அவுக கையில பட்டை ஏறியிருக்காது. நான் மெசினத் தொடமாட்டேன்னு சொல்லாட்டியும் ஏறியிருக்காது. யாரு செஞ்சதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. நீ பிரிச்சு உங்க மேடத்துக்கிட்டச் சொல்லு.

பேக்கிங்குக்கு மாறுன மொத நாளு சாயங்காலம், உங்கப்பா வேன்ல இருந்து இறங்கி வாசலுக்கு வந்தாக. கையில மருந்து வாடை இல்ல, பசை வாடை. செருப்பக்கூடக் கழட்ட விடல. அங்கனயே வச்சுச் சொன்னேன். என்ன சொன்னேன்னு உனக்கெதுக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு அவுக மெசினத் தேடி எடுத்தாக. நான் புடுங்கிப் பரண்ல வச்சிட்டேன். எல்லாத்தையும் அளந்துக்கிட்டு இருக்கக் கூடாது.

காலையில எடுத்துக் குடுத்தேன். அவுகளுக்கு நான் கட்டுனேன், எனக்கு அவுக கட்டுனாக. அவுகளுக்கு 156, எனக்கு 148. கீழ இருக்க எண்ண உங்கப்பா எழுதுவாக. மாத்திரை ரெண்டு பேரும் தின்னுட்டுத்தான். பாண்டிமீனா வந்து பாத்துட்டு, மாத்திரைய நிப்பாட்டுனா அவகிட்ட எனக்கும் ஏச்சு விழும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. நேத்துக் காலையிலயும் ஏசித்தான் அனுப்புனேன். பழக்கம் போகுமா?

இம்புட்டு ஊருக்குக் கையில கட்டுற, உன் கையில எவளாவது கட்டுனாளா? கட்டி எண்ண எழுதி அனுப்பு. உன் காலேஜு காகிதத்தப் பத்தி உங்கப்பா எழுதுனதுக்கு நீ இன்னும் பதில் போடல. அதையும் எழுது. கண்மாய்க்கரையில அந்த எடத்தப் படிக்கையில அவுக மொகத்தப் பாத்தேன்.

தீவாளிக்குக் கம்பெனி அடைச்சிருவாக. நாலு நாளு முன்னாடியே வந்துரு. உனக்குன்னும் ஒரு வார்த்தை வச்சிருக்கேன். பஸ்ஸு ஏறுன அன்னைக்குப் பெட்டிய ஒழுங்காக் கட்டத் தெரியலன்னு உன்ன ஏசுனேனே, அப்ப மிச்சம் வச்சது. கடுதாசியில எழுதமாட்டேன். எழுதிட்டா நீ அங்கனயே இருந்துக்குவ.

வந்து வாங்கிக்க.

செல்லக்கனி